பொருந்தாமல் நின்ற நுனி



தையற்காரர் துணியை வெட்டும்போது கத்தரிக்கோலின் கீழே விழும் துண்டுகளை யாரும் எண்ணி வைப்பதில்லை. ஆடை நன்றாக அமைந்ததா என்று பார்ப்போமேயன்றி, அதற்காக நீக்கப்பட்டது எது என்று கேட்பதில்லை. இவ்வாரம் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது அப்படி நீக்கப்படும் துண்டுகளின் வரலாறு. அவை துணியின் துண்டுகள் அல்ல. இவ்வரிகளை நீங்கள் வாசிக்கும் இந்நொடியிலும் உங்கள் உடலின் உயிரணுக்களுக்குள் வெட்டப்பட்டு அகற்றப்படுகிற துண்டுகள். மனிதர் அவற்றை முதன்முதலாகக் கண்டுகொண்டது 1977ஆம் ஆண்டில். ஓர் இழையின் நுனி, பொருந்தவேண்டிய இடத்தில் பொருந்தாமல் நின்றது. இரண்டு ஆய்வுக்கூடங்களில் இருந்தவர்கள் அதை அலட்சியம் செய்யவில்லை. அவ்வளவே தொடக்கம். அந்த நுனியிலிருந்து புறப்பட்ட வழி, ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், தலையை நிமிர்த்தவும் வலுவில்லாத கைக்குழந்தைகளின் படுக்கையருகே சென்று சேர்ந்தது. சற்றுப் பொறுமையோடு அவ்வழியே என்னுடன் நடந்து வாருங்கள்.

முதலில் அடிப்படையைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் உடலை அமைக்கும் கட்டளைகள் டி.என்.ஏ. எனும் நீண்ட இழையில் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன. ஒரு புரதத்தைச் செய்வதற்கான கட்டளை அடங்கிய பகுதியை மரபணு என்கிறோம். இந்த மூல ஏடு உயிரணுவின் உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கிறது. வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் வேறோர் இழையில் படியெடுக்கப்பட்டு, புரதம் செய்யும் இடத்துக்குச் செல்கிறது. கட்டளையைச் சுமந்து செல்வதால் அதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அப்படி ஒரு தூது உண்டு என்பது 1961ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

அந்நாளைய ஆய்வுகளுள் பெரும்பாலானவை பாக்டீரியாக்களில் நடந்தவை. 1964இல் சார்லஸ் யானோஃப்ஸ்கி என்பவரும் அவருடைய குழுவினரும், மரபணுவில் எழுத்துகள் நிற்கும் வரிசையும் புரதத்தில் அமினோ அமிலங்கள் நிற்கும் வரிசையும் ஒன்றுக்கொன்று நேராக அமைந்திருப்பதைக் காட்டினர். அதிலிருந்து ஓர் எளிய சித்திரம் எல்லார் மனத்திலும் பதிந்தது. மரபணு என்பது இடைவெளியற்ற ஒரே வாக்கியம், தூது ஆர்.என்.ஏ. அதன் நேர்ப்படி, புரதம் அதன் நேரான மொழிபெயர்ப்பு. பாக்டீரியாவில் கண்டது மனிதனுக்கும் பொருந்தும் என்று கருதுவதில் அப்போது தடையொன்றும் தோன்றவில்லை. அழகான சித்திரம் கையில் இருக்கும்போது அதற்கு ஒவ்வாதவற்றைக் காண்பது எவருக்கும் எளிதன்று.

ஆனால் ஒவ்வாத செய்தியொன்று அறுபதுகளிலிருந்தே கண்முன் இருந்தது. விலங்குகளின் உயிரணுக்களில், உட்கருவுக்குள் காணப்படும் ஆர்.என்.ஏ. இழைகள் மிக நீளமானவை. வெளியே வந்து வேலை செய்யும் தூது இழைகளோ மிகக் குட்டையானவை. உட்கருவில் உண்டாகும் ஆர்.என்.ஏ.யில் பெரும்பகுதி வெளியே வராமலே சிதைந்துபோவதும் தெரிந்திருந்தது. நீண்ட இழையின் ஒரு பக்கத்தைக் கத்தரித்துவிட்டால் குட்டை இழை கிடைத்துவிடுமே என்று நீங்கள் நினைக்கலாம். அன்றைய ஆய்வாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எழுபதுகளின் முற்பகுதியில் அந்த விடையும் கைவிட்டது. தூது இழையின் தலைப்பக்கத்தில் தொப்பி போன்ற ஒரு வேதிக் கட்டும், வாற்பக்கத்தில் ஏ என்ற எழுத்தே திரும்பத் திரும்ப வரும் ஒரு நீட்சியும் இருப்பது தெரியவந்தது. உட்கருவின் நீண்ட இழைகளிலும் அதே தொப்பி, அதே வால்!

இரு முனைகளிலும் முடிச்சிட்ட ஒரு நூலை எண்ணிப் பாருங்கள். நேற்று அது பத்து முழம் நீளம். இன்று ஒரு முழம். இரண்டு முடிச்சுகளும் அப்படியே இருக்கின்றன. என்ன நடந்திருக்க வேண்டும்? நடுவே வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சிய இரு பக்கங்களையும் யாரோ இணைத்திருக்க வேண்டும். இன்று சிறு பிள்ளையும் சொல்லிவிடும் விடை இது. எனினும் அந்நாளில் துறைபோன அறிஞர் பலர் இப்புதிரைச் சுற்றிச் சுற்றி வந்தனர். மரபணு இடைவெளியற்ற ஒரே வாக்கியம் என்ற சித்திரம் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது.

விடை வந்தது ஓர் எளிய வைரஸிலிருந்து. சளி, காய்ச்சல், கண்வலி ஆகியவற்றைத் தரும் அடினோ வைரஸ் என்பதே அது. 1953இல் குழந்தைகளின் மூக்கடிச் சதையிலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் டி.என்.ஏ. ஏறத்தாழ 36,000 எழுத்துகளே கொண்டது. தன் மரபணுக்களை இயக்க அது மனித உயிரணுவின் கருவிகளையே பயன்படுத்துகிறது. ஆகவே அந்தச் சின்னஞ்சிறு வைரஸைக் கவனித்தால் நம் உயிரணு வேலை செய்யும் விதமும் தெரிந்துவிடும். அமெரிக்காவில் இரண்டு இடங்களில் அந்த வேலை நடந்தது. ஒன்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்; அங்கே ஃபிலிப் ஷார்ப்பின் ஆய்வுக்கூடத்தில் சூசன் பெர்ஜெட், கிளேர் மூர் ஆகிய இருவரும் பணிபுரிந்தனர். மற்றொன்று நியூயார்க்கின் லாங் தீவில் உள்ள கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம். அங்கே ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ரிச்சர்ட் ஜெலினாஸ், லூயிஸ் சௌ, தாமஸ் புரோக்கர் ஆகிய நால்வரும் இருந்தனர்.

அவர்கள் கையாண்ட முறை எளிதில் விளங்கக்கூடியது. தூது ஆர்.என்.ஏ. இழையை, அது படியெடுக்கப்பட்ட டி.என்.ஏ.யோடு சேர்த்து வைத்தால், ஒத்த எழுத்துகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தையும் ஒட்டாத இடத்தையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமாக எடுக்கலாம். வைரஸின் மேலுறையாக அமையும் புரதமொன்றின் தூது இழையை மாசசூசெட்ஸ் குழுவினர் இவ்வாறு ஆராய்ந்தனர். இழையின் உடற்பகுதி முழுவதும் எதிர்பார்த்தபடி டி.என்.ஏ.மேல் படிந்தது. வாற்பக்கம் ஒட்டாமல் நின்றது. அங்குள்ள ஏ எழுத்துகளின் தொடர் பின்னர் சேர்க்கப்படுவது என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் தலைப்பக்கத்திலும் ஒரு சிறு நுனி ஒட்டாமல் நின்றது. அது அங்கே நிற்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

அன்பான வாசகரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நுண்ணோக்கிப் படங்களில் இழைகள் சுருள்வதும் பிரிவதும் வழக்கமே. தயாரிப்பில் நேர்ந்த கோளாறு என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே சென்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அப்படிச் செல்லவில்லை. இந்நுனி இங்கே ஒட்டவில்லையென்றால் வேறெங்கே ஒட்டும் என்று கேட்டார்கள். மரபணுவுக்கு வெகுதொலைவு முன்னால் உள்ள டி.என்.ஏ.யையும் சேர்த்து நீண்ட இழையொன்றை வைத்துப் பார்த்தார்கள். நுனி ஒட்டிக்கொண்டது. ஒரே இடத்தில் அன்று, ஒன்றுக்கொன்று விலகி நின்ற மூன்று இடங்களில். இடைப்பட்ட டி.என்.ஏ. துணையற்று மூன்று வளையங்களாகப் புடைத்து நின்றது. அந்த வளையங்களே தூது இழையில் இடம்பெறாமல் நீக்கப்பட்ட பகுதிகள்.

கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் வேறொரு வழியாக இதே வாசலுக்கு வந்து சேர்ந்தனர். வைரஸின் வெவ்வேறு தூது இழைகள் எங்கெங்கே தொடங்குகின்றன என்று ஜெலினாசும் ராபர்ட்சும் தேடினர். ஒவ்வொன்றும் வெவ்வேறு எழுத்துகளோடு தொடங்கும் என்பது எதிர்பார்ப்பு. கிடைத்ததோ, அவை அனைத்தின் தொடக்கத்திலும் ஒரே 11 எழுத்துகள். பல வீடுகளுக்குச் சென்ற பல கடிதங்களும் ஒரே முதல் வரியோடு தொடங்கியது போன்றது அது. அந்த முதல் வரி எங்கிருந்து வந்தது என்பதை, நுண்ணோக்கியில் கைதேர்ந்த தம்பதியரான சௌவும் புரோக்கரும் எடுத்த படங்கள் காட்டின. தைவானில் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றவர் லூயிஸ் சௌ. அவர்கள் படங்களிலும் அதே வளையங்கள் நின்றன.

1977ஆம் ஆண்டுக் கோடையில் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் நடந்த ஆண்டுக் கருத்தரங்கில் இச்செய்தி வெளிப்பட்டது. அதே ஆண்டில் இரு குழுக்களின் கட்டுரைகளும் அச்சேறின. அறிவியல் கட்டுரைகளின் தலைப்பில் வியப்புச் சொற்கள் வருவது அரிது. ஆனால் சௌவின் பெயரை முதலாவதாகக் கொண்ட கட்டுரையின் தலைப்பிலேயே, தாம் கண்ட எழுத்தமைப்பு வியப்புக்குரியது என்று எழுதியிருந்தனர். கேட்டவர்கள் தத்தம் ஆய்வுக்கூடங்களுக்குத் திரும்பித் தங்கள் மரபணுக்களைச் சோதித்தனர். முயலின் இரத்தச் சிவப்புப் புரதத்துக்கான மரபணுவும், கோழி முட்டையின் வெண்கருப் புரதத்துக்கான மரபணுவும் துண்டு துண்டாகவே எழுதப்பட்டிருந்தன. உட்கருவின் நீண்ட இழைகள் பற்றிய பழைய புதிர் அவிழ்ந்தது. 1978இல் வால்டர் கில்பர்ட் இவற்றுக்குப் பெயரிட்டார். தூது இழையில் தங்கும் துண்டு எக்ஸான். வெட்டி நீக்கப்படும் துண்டு இன்ட்ரான். வெட்டி இணைக்கும் செயலுக்கு, கயிற்றின் முனைகளைப் பின்னி ஒன்றாக்குவதைக் குறிக்கும் ஸ்பிளைசிங் என்ற சொல்லே வழங்கலாயிற்று.

வெட்டுவது எது? இக்கேள்விக்கான விடை நோயாளிகளின் இரத்தத்திலிருந்து வந்தது. லூபஸ் என்னும் நோயில், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புப் பொருள்கள் உடலின் சொந்த உறுப்புகளையே தாக்குகின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டெயிட்சும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும் அத்தகைய நோயாளிகளின் இரத்தத்தில் இருந்த எதிர்ப்புப் பொருள்களைத் தூண்டில் போலப் பயன்படுத்தினர். உட்கருவில் இருந்து அவற்றில் சிக்கியவை, சிறிய ஆர்.என்.ஏ.யும் புரதங்களும் சேர்ந்த துகள்கள். அவற்றுள் யூ1 என்பதன் எழுத்துகள், இன்ட்ரான் தொடங்கும் இடத்து எழுத்துகளோடு பொருந்துவதை 1980இல் சுட்டிக்காட்டினர். எங்கே வெட்டவேண்டும் என்பதை அடையாளம் காணும் விரல் அதுவே. இன்று நாம் அறிந்தபடி, ஐந்து சிறு ஆர்.என்.ஏ.க்களும் நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்களும் கூடி இவ்வேலையைச் செய்கின்றன. இக்கூட்டமைப்புக்கு ஸ்பிளைசியோசோம் என்று பெயர். பெயர் தெரியாத அந்த நோயாளிகளை வதைத்த பொருளே அதைக் காண்பதற்குத் துணைநின்றது.

வெட்டி இணைப்பதால் உயிருக்கு என்ன நன்மை? ஒரே மரபணுவின் துண்டுகளை வெவ்வேறு விதமாகத் தொடுத்தால் வெவ்வேறு புரதங்கள் கிடைக்கும். 1982இல் இதற்குத் தெளிவான சான்று வெளியாயிற்று. கால்சிட்டோனின் என்னும் மரபணு, தைராய்டு சுரப்பியில் சுண்ணச் சத்தை ஒழுங்குபடுத்தும் இயக்குநீரைத் தருகிறது. நரம்பணுக்களில் அதே மரபணு வேறுவிதமாகத் தொடுக்கப்பட்டு, இரத்தக் குழாய்களை விரிக்கும் வேறொரு பொருளைத் தருகிறது. மனிதனிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறக்குறைய 20,000 மட்டுமே. அவற்றைக் கொண்டே மூளையும் இதயமும் விழியும் அமைவதற்கு இந்தத் தொடுக்கும் கலையும் ஒரு காரணம்.

நன்மையோடு ஆபத்தும் உண்டு. வெட்டவேண்டிய இடத்தைச் சொல்லும் எழுத்துகளுள் ஒன்று பிறழ்ந்தாலும் கட்டளை குலையும். பீட்டா தலசீமியா என்னும் பரம்பரை இரத்தச்சோகையை நம்மில் பலர் அறிவோம். வாழ்நாள் முழுவதும் இரத்தம் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். இந்திய நோயாளிகளிடம் இந்நோய்க்கு மிகப் பரவலாகக் காணப்படும் காரணம், முதல் இன்ட்ரானின் ஐந்தாம் எழுத்து ஜி என்பதிலிருந்து சி என்று மாறியிருப்பதே. நீக்கி எறியப்படும் பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறுகிறது. ஒரு குழந்தையின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. எறியப்படுவதால் அது பொருளற்றது என்று இனி யார் சொல்ல முடியும்?

1993ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு இக்கண்டுபிடிப்புக்காக ராபர்ட்சுக்கும் ஷார்ப்புக்கும் வழங்கப்பட்டது. இருவரும் அதற்குத் தகுதியுடையோரே. ஆனால் 1977இன் அந்த இரு கட்டுரைகளிலும் முதற்பெயராக நின்றவர்கள் சூசன் பெர்ஜெட்டும் லூயிஸ் சௌவும். வளையங்களைக் கண்ணால் கண்டு படமெடுத்தவர்களின் பெயர்கள் பரிசுப் பட்டியலில் இல்லை. ஒரு நோபல் பரிசை மூவர் வரை பகிர்ந்துகொள்ள விதி இடந்தருகிறது. அந்த ஆண்டு மூன்றாம் இடம் வெறுமையாகவே இருந்தது. அறிவியலாளர்கள் சிலர் அன்றே இதைக் குறித்து மனக்குறை தெரிவித்தனர். கூட்டு உழைப்பைச் சுருக்கிச் சொல்லும்போது நாம் எந்தத் துண்டுகளை வெட்டுகிறோம் என்பதை இந்த வரலாறு நம்மிடமும் கேட்கிறது. உங்கள் வீட்டில், உங்கள் அலுவலகத்தில், நன்றி சொல்லும் வேளையில் விடுபட்டுப்போகும் பெயர் யாருடையது?

இனி அந்தக் கைக்குழந்தைகளிடம் செல்வோம். தண்டுவடத் தசைநார்ச் சிதைவு என்றொரு நோய் உண்டு. வியன்னாவில் கைடோ வெர்ட்னிக் 1891இலும், ஜெர்மனியில் ஜோஹான் ஹாஃப்மன் 1893இலும் அதை விவரித்தனர். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோவதால் குழந்தை உட்காராது. பின் விழுங்க இயலாது. பின் மூச்சும் தளரும். கடுமையான வகையில், இரண்டாம் பிறந்தநாளைக் காணும் குழந்தைகள் குறைவு. நூறு ஆண்டுகளாக மருத்துவர்களால் பெற்றோரின் கையைப் பற்றிக்கொள்வதற்கு மேல் அதிகம் செய்ய முடியவில்லை. 1995இல் பாரிசில் ஜூடித் மெல்கியின் குழுவினர் காரணத்தைக் கண்டனர்: எஸ்.எம்.என்.1 என்ற மரபணு இக்குழந்தைகளிடம் இல்லாமலோ பழுதுபட்டோ இருக்கிறது. அது தரும் புரதத்தின் வேலைகளுள் ஒன்று, நாம் மேலே கண்ட வெட்டி இணைக்கும் துகள்களை உருவாக்க உதவுவதே.

மனிதர்களிடம் இம்மரபணுவுக்கு இரட்டைப் பிள்ளைபோல எஸ்.எம்.என்.2 என்ற இன்னொன்றும் உண்டு. ஏறக்குறைய எல்லா எழுத்துகளும் ஒன்றே. ஆனால் ஏழாம் எக்ஸானில் சி இருக்கவேண்டிய இடத்தில் டி இருக்கிறது. புரதத்தின் பொருளை அது மாற்றுவதில்லை. எனினும் வெட்டும் கருவியின் கண்ணுக்கு அந்த எக்ஸான் தெரியாமல் போகிறது. பெரும்பாலான வேளைகளில் ஏழாம் துண்டும் சேர்த்து எறியப்படுவதால், உண்டாகும் புரதம் நிலைப்பதில்லை. மருந்து ஏற்கெனவே குழந்தையின் உடலுக்குள் இருந்தது. ஒரு துண்டு விடுபட்டதால் அது பயன்படாமல் கிடந்தது.

விடுபடாமல் அதைச் சேர்க்க வழி உண்டா? 2006இல் ரவீந்திர சிங்கும் அவருடைய சகாக்களும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், ஏழாம் எக்ஸானை அடுத்த இன்ட்ரானில் ஒரு சிறு தடையிடத்தைக் கண்டறிந்தனர். அதை மறைத்துவிட்டால் எக்ஸான் தூது இழையில் தங்கிவிடும். கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில், ஆம், அதே வளாகத்தில், ஏட்ரியன் கிரெய்னர் அயோனிஸ் நிறுவனத்தின் ஃபிராங்க் பென்னட்டோடு சேர்ந்து, அவ்விடத்தில் சென்று ஒட்டிக்கொள்ளும் 18 எழுத்து நீளமுள்ள செயற்கைத் துண்டொன்றை உருவாக்கினார். நுசினெர்சன் என்னும் அம்மருந்து முதுகுத்தண்டின் நீரில் செலுத்தப்படுகிறது. கடுமையான நோயுள்ள கைக்குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மருந்து பெற்ற 73 பேரில் 37 பேரிடம் தலை நிமிர்த்துதல், புரளுதல், உட்காருதல் போன்ற அசைவுகளில் முன்னேற்றம் தெரிந்தது. மருந்து பெறாமல் ஒப்பிடப்பட்ட 37 பேரில் ஒருவரிடமும் அது தெரியவில்லை. 2016 டிசம்பர் 23 அன்று அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது.

சிந்தித்துப் பாருங்கள். அந்த மருந்து போய் ஒட்டிக்கொள்ளும் இடம் எது? ஓர் இன்ட்ரான். வெட்டி எறியப்படுவதற்கென்றே இருப்பதாக எண்ணப்பட்ட பகுதி. நலத்தின் திறவுகோல் அங்கேதான் கிடந்தது.

கதையை இங்கே இனிதாக முடித்துவிட்டால் உண்மைக்குக் குறைவாகும். இழந்த நரம்பணுக்களை அம்மருந்து மீட்பதில்லை. அறிகுறி தோன்றுமுன்னே தொடங்கினால் பலன் மிகுதி. நான்கு மாதங்களுக்கு ஒருமுறை தொடர்ந்து செலுத்தப்படவேண்டும். முதல் ஆண்டுக்கு 7,50,000 டாலர் என்று விலை அறிவிக்கப்பட்டது. பதினாறு கோடி ரூபாய் ஊசிக்காகத் தமிழகத்துப் பெற்றோர் பொதுமக்களிடம் கையேந்திய செய்திகளை நீங்கள் வாசித்திருப்பீர்கள். அது வேறொரு மருந்து. நல்ல மரபணுவையே புதிதாகக் கொண்டு சேர்ப்பது. நோய் மட்டும் இதுவே. 2020இல் வாய்வழியாக உட்கொள்ளும் ரிஸ்டிபிளாம் வந்தது. அதுவும் ஏழாம் எக்ஸானை மீண்டும் சேர்க்கும் வழியையே பின்பற்றுகிறது. அறிவு திறந்துவிட்ட வாசலைப் பணம் மறிக்கிறது. அந்தத் தடையை நீக்கும் கடன் ஆய்வாளர்களுடையது மட்டும் அன்று, நம் எல்லாருடையது.

1977இல் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருந்தவர்கள் எந்தக் குழந்தையையும் மனத்தில் கொண்டிருக்கவில்லை. அவர்கள் முன் இருந்தது ஒரு வைரஸும், பொருந்தாமல் நின்ற ஒரு நுனியும் மட்டுமே. தங்களிடம் இருந்த அழகான சித்திரத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த நுனியை அவர்கள் வெட்டிவிடவில்லை. அதனால்தான் இன்று எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை தானாக எழுந்து உட்காருகிறது.

இவ்வாரம் உங்கள் கணக்கில் ஒட்டாமல் நிற்பது எது? எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கத்துக்கு அடங்காத ஒரு செய்தியா? வீட்டாரின் பேச்சோடு ஒத்துப்போகாத ஒரு பிள்ளையா? யாருடைய பட்டியலிலும் இடம்பெறாத ஓர் உழைப்பாளியா? கத்தரிக்கோலை எடுக்குமுன், இது இங்கே பொருந்தவில்லையென்றால் வேறெங்கே பொருந்தும் என்று ஒருமுறை கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள்.